ராத்திரியில் விழிக்கும் ஆச்சி: மூளைக்குள் இருக்கும் கடிகாரம் தப்பினால் என்ன ஆகும்?

ராத்திரி மணி இரண்டு.

செட்டிநாட்டில் ஒரு பெரிய வீடு. முன்வாசல் ஒரு தெருவில். பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. ஒரு காலத்தில் ஐம்பது பேர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட வீடு. இன்று அதில் இருப்பவர்கள் இரண்டே பேர். எண்பது வயது ஆச்சி ஒருவர். அவருக்குத் துணையாகச் சம்பளத்துக்கு இருக்கும் பெண் ஒருத்தி.

உள் அறையின் கதவு திறக்கிறது. கையில் சாவிக் கொத்துடன் ஆச்சி வளவுக்கு வருகிறார்.

"பொழுது விடிஞ்சு போச்சு. வாசல் தெளிக்க இன்னும் ஒருத்தரையும் காணோமே!"

படுத்திருந்த பெண் பதறி எழுகிறாள்.

"ஆச்சி, மணி ரெண்டுதான் ஆகுது. வந்து படுங்க ஆச்சி."

"நீ யாரு? என் வீட்டிலே உனக்கு என்ன வேலை?"

விடியும் நேரத்தில்தான் ஆச்சிக்குக் கண் அசருகிறது. வளவில் வெயில் ஏறுகிறது. பால்காரர் வந்து போகிறார். கீரைக்காரி கூவிப் போகிறாள். ஆச்சியோ இருட்டு அறையில் தூங்குகிறார். பகலெல்லாம் தூக்கம். பொழுது சாய்ந்தால் கலக்கம். ராத்திரி முழுவதும் நடமாட்டம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். வீடு பெரிதாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஓட்டு வீட்டிலும் இது நடக்கிறது.

அக்கம்பக்கத்தார் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "வயசாச்சு, புத்தி பிசகிவிட்டது" என்பார் ஒருவர். "காத்துக் கருப்பு" என்பார் இன்னொருவர். "வேண்டுமென்றே படுத்துகிறார்" என்று சொந்த மக்களே சொல்வதும் உண்டு. இந்தக் கடைசிப் பேச்சுதான் மிகவும் கொடியது. ஏனென்றால் ஆச்சி எதையும் வேண்டுமென்று செய்யவில்லை. அவருடைய மூளைக்குள் இருக்கும் கடிகாரம் பழுதாகிவிட்டது.

புளிய இலை சொன்ன ரகசியம்

மூளைக்குள் கடிகாரமா? ஆம். மனிதனுக்கு மட்டுமல்ல. மரத்துக்கும் உண்டு, ஈக்கும் உண்டு.

புளியமரத்தின் இலைகள் பகலில் விரிந்து ராத்திரியில் கூம்புவதைக் கிராமத்தில் பிறந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டில், மகா அலெக்சாந்தரின் கப்பல்களில் சென்ற ஒரு கிரேக்கர் பஹ்ரைன் தீவில் இதைக் கண்டு அதிசயித்து எழுதி வைத்தார். அவர் பார்த்தது புளியமரம் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். நம் ஊர்ச் சாலையோரத்தில் தினமும் நடப்பதை எங்கோ போய்க் கண்டு வியந்திருக்கிறார்!

வெயில் வந்தால் இலை விரிகிறது, வெயில் போனால் மூடுகிறது, இதில் என்ன ரகசியம் என்று கேட்கலாம். 1729-ல் பிரான்ஸ் தேசத்து வானசாஸ்திரி த மெரான் என்பவரும் இதையே கேட்டார். தொட்டாற்சுருங்கிச் செடி ஒன்றை வெளிச்சமே நுழையாத இருட்டில் வைத்தார். வெயில் படாமலேயே செடி பகல் வேளையில் இலையை விரித்தது. ராத்திரி வேளையில் மூடியது. வெளியே பகலா, ராத்திரியா என்பது இருட்டில் இருந்த செடிக்குத் தெரிந்திருந்தது!

அப்படியானால் நேரம் கணிக்கும் ஏதோ ஒன்று செடிக்குள்ளேயே இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்பதை ஈயின் உடலில் கண்டுபிடித்ததற்காக 2017-ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மனிதனின் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது. இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியை விடச் சிறிய ஒரு ஜோடி முடிச்சு. எப்போது பசி, எப்போது தூக்கம், எப்போது உடம்பில் சூடு ஏறவேண்டும், எப்போது இறங்கவேண்டும் என்ற கணக்கெல்லாம் அங்கேதான்.

இந்தக் கடிகாரத்துக்கு ஒரு குறை உண்டு. பெரும்பாலான மனிதர்களிடம் இது 24 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொண்டு ஒரு சுற்று முடிக்கும். பழைய சுவர்க் கடிகாரம் நாளுக்குச் சில நிமிஷம் பின்தங்குமே, அதுபோல. ஆகவே தினமும் முள்ளைத் திருத்தி வைக்கவேண்டும். திருத்துவது யார்? காலை வெளிச்சம்!

மதுரைக் குகையில் ஒரு வௌவால்

இந்த விஷயத்தில் இந்தியாவுக்கே வழிகாட்டிய ஆராய்ச்சி நடந்தது வேறெங்கும் அல்ல, மதுரையில். செட்டிநாட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரப் பயணம்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் எம். கே. சந்திரசேகரன். உயிர்களின் உள் கடிகாரத்தைப் பற்றியே ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவர். சூரியனும் கடிகாரமும் பத்திரிகையும் எட்டாத தனி அறை ஒன்றை அவர் பல்கலைக்கழகத்தில் அமைத்தார். மனமுவந்து முன்வந்த சிலர் அதற்குள் நாள் கணக்கில் தன்னந்தனியாகத் தங்கினார்கள். தூக்கம் வரும்போது தூங்கினார்கள், பசித்தபோது சாப்பிட்டார்கள். அவர்களுடைய "நாள்" வெளி உலகின் நாளிலிருந்து மெல்ல விலகிப் போயிற்று.

ஆனால் நம் ஆச்சிக்கு நெருக்கமான சோதனை, அவரும் அவருடைய மாணவர்களும் வௌவாலை வைத்துச் செய்ததுதான்.

மதுரைக்கு அருகே உள்ள குகைக்குள் எப்போதும் இருட்டு. அங்கே கூட்டமாக வாழும் சிறு வௌவால்கள் பொழுது சாய்ந்ததும் கூட்டமாக இரை தேடப் புறப்படும், விடியுமுன் திரும்பும். ஆராய்ச்சியாளர்கள் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து, அதே குகைக்குள் வைத்தார்கள். கூண்டிலிருந்து வெளிச்சத்தைப் பார்க்க வழியே இல்லை. ஆனாலும் கூட்டம் புறப்படும் வேளையில் கூண்டு வௌவாலும் விழித்துச் சிறகடித்தது. நாள் தவறாமல் அப்படி!

பிறகு வௌவால் கூட்டமே இல்லாத வேறொரு குகையில் ஒரு வௌவாலைத் தனியாக வைத்தார்கள். அதன் கடிகாரம் நிற்கவில்லை. ஆனால் ஊரோடு ஒட்டவும் இல்லை. நாளுக்கு நாள் தன் போக்கில் விலகிச் சென்றது.

கூட்டத்தின் அரவம்தான் முதல் வௌவாலுக்கு நேரம் சொல்லிற்று என்று கண்டார்கள். 1981-ல் இந்த முடிவு வெளியானபோது உலகெங்கும் இத்துறையினர் கவனித்தார்கள்.

வௌவால் வேறு; மனிதர் வேறு. நமக்கு வெளிச்சமே பிரதானம். இருந்தாலும் வேளாவேளைக்குச் சாப்பாடு, நடமாட்டம், நாலு பேரோடு பேச்சு ஆகியவையும் மனிதனின் நாளை ஒழுங்காக வைக்க உதவுகின்றன. இருட்டறையில் தனியாகக் கிடக்கும் முதியவருக்கு வெளிச்சமும் இல்லை, கூட்டத்தின் அரவமும் இல்லை.

படுக்கையை இழுத்துக்கொண்டு திரிந்த பெண்

இனி அந்த வியாதிக்கு வருவோம்.

1901 நவம்பரில் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து மனநல மருத்துவமனைக்கு 51 வயதுப் பெண் ஒருவரை அழைத்து வந்தார்கள். பெயர் அகஸ்டே. பொருள்களை எடுத்து எங்கோ ஒளித்து வைப்பார். சொந்த வீட்டிலேயே வழி தெரியாமல் நிற்பார். மருத்துவமனையில் படுக்கையை இழுத்துக்கொண்டு அங்குமிங்கும் போவார். கணவரையும் மகளையும் கூப்பிடுவார். அவரைக் கவனித்த டாக்டரின் பெயர் அலாய்ஸ் அல்சைமர்.

1906-ல் அகஸ்டே இறந்தார். அவருடைய மூளையை டாக்டர் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார். மூளை சுருங்கியிருந்தது. நரம்பு அணுக்களுக்கு இடையே அழுக்குபோல் ஏதோ படிந்திருந்தது. அணுக்களுக்குள்ளே நூல் சிக்கல்போல் முடிச்சுகள் இருந்தன. அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் டாக்டர்கள் கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று அந்த வியாதிக்கு அவருடைய பெயர்தான்: அல்சைமர் வியாதி. (மதுரைப் பேராசிரியர் சந்திரசேகரன் இளமையில் உள் கடிகார ஆராய்ச்சி செய்ததும் இதே டூபிங்கனில்தான். ஓர் ஊர் இரண்டு கதையிலும் வருகிறது!)

முதுமையில் வரும் ஞாபக அழிவு நோய்களில் பெரும்பங்கு அல்சைமர் வியாதிதான். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இத்தகைய நோய்களில் ஏதேனும் ஒன்று இருக்கிறது என்று, 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆராய்ச்சி கணக்கிட்டது. தொகை சுமார் 88 லட்சம் பேர்.

சாவியை வைத்த இடம் மறப்பது எல்லோருக்கும் உள்ளது. சாவி எதற்கு என்பதே மறந்துபோனால் அது வியாதி.

திருடன் புகுவது எந்த வழியில்?

இந்த வியாதிக்காரர்களுக்கு ராத்திரித் தூக்கம் கெடுவது டாக்டர்களுக்கு வெகு நாளாகத் தெரியும். மூளையை வியாதி அரிக்கிறது; கூடவே தூக்கமும் கெடுகிறது என்று எண்ணியிருந்தார்கள். அதில் உண்மை உண்டு. மூளைக் கடிகாரத்தின் அணுக்கள் முதுமையில் குறைகின்றன, அல்சைமர் வியாதியில் இன்னும் அதிகமாகக் குறைகின்றன என்பதை 1985-லேயே நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.

கடிகாரம் தேய்ந்தால் என்ன ஆகும்? பகல் பகலாக இராது, ராத்திரி ராத்திரியாக இராது. இரண்டும் துண்டு துண்டாகி ஒன்றோடொன்று கலந்துவிடும். மாலையில் வெளிச்சம் குறையக் குறைய முதியவருக்குப் பயமும் சந்தேகமும் ஏறும். "என்னை என் வீட்டுக்குக் கூட்டிப் போ" என்று சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே அழுவார்.

அண்மைக்கால ஆராய்ச்சி இன்னொரு கேள்வியை எழுப்பியிருக்கிறது. வியாதி வந்ததால் தூக்கம் கெடுகிறதா? அல்லது தூக்கம் கெட்டதால் வியாதிக்கு வழி திறக்கிறதா?

டாக்டர் அல்சைமர் கண்ட அந்த அழுக்கு, அமிலாய்டு என்னும் புரதம். இது எல்லோர் மூளையிலும் தினமும் சுரக்கும், தினமும் கழியும். விழித்திருக்கும்போது இது கூடுகிறது, தூங்கும்போது குறைகிறது என்பதை 2009-ல் அமெரிக்காவில் எலிகளிடம் கண்டார்கள். 2018-ல், நல்ல ஆரோக்கியம் உள்ள 20 பேரை ஒரு ராத்திரி முழுவதும் தூங்கவிடாமல் வைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். ஒரே ராத்திரியில் அமிலாய்டின் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது!

தூங்கும்போது மூளை தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது என்றுகூட 2013-ல் ஒரு ஆராய்ச்சி சொன்னது. ஆனால் அதை மறுக்கும் சோதனை 2024-ல் லண்டனிலிருந்து வந்திருக்கிறது. விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

லண்டன் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் சுமார் 8,000 பேரை 25 வருஷம் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி 2021-ல் வெளியாயிற்று. ஐம்பது, அறுபது வயதில் ராத்திரி ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களை விட ஞாபக அழிவு நோய் அதிகமாக வந்தது. நூறு பேருக்கு வரும் இடத்தில் இவர்களில் சுமார் நூற்று முப்பது பேருக்கு வந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்துபோய்த் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்! நாலு நாள் தூக்கம் கெட்டால் வியாதி வந்துவிடாது. ஆறு மணி நேரம் தூங்குபவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வியாதி வரவே இல்லை. வியாதி வெளியே தெரிய இருபது வருஷம் முன்பே மூளையில் மாறுதல்கள் தொடங்கிவிடுவதால், எது காரணம், எது காரியம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன என்றே பல விஞ்ஞானிகள் இப்போது கருதுகிறார்கள்.

வெளிச்சம் என்ற மருந்து

நெதர்லாந்தில் 12 முதியோர் விடுதிகளில் ஒரு சோதனை செய்தார்கள். அங்கே இருந்த 189 பேரின் சராசரி வயது 85-க்கு மேல். பெரும்பாலோருக்கு ஞாபக அழிவு நோய். சில விடுதிகளின் பொதுக்கூடத்தில் கூரை முழுவதும் பிரகாசமான விளக்குகளைப் பொருத்திப் பகல் முழுவதும் எரியவிட்டார்கள். மற்ற விடுதிகளில் மங்கலான விளக்கு. சிலரை மூன்று வருஷம் வரையிலும் கவனித்தார்கள்.

வெளிச்சத்தில் இருந்தவர்களின் அறிவு மங்குவது சற்றுக் குறைந்தது, மனச்சோர்வும் குறைந்தது. 2008-ல் முடிவு வெளியாயிற்று. வியாதி தீரவில்லை, கிடைத்த பலன் சிறியதுதான். ஆனால் இந்த வியாதிக்குத் தரும் மாத்திரைகளின் பலனும் சிறியதுதான்!

அந்த விளக்குகளின் வெளிச்சம் எவ்வளவு? சுமார் ஆயிரம் லக்ஸ். ஒரு மெழுகுவத்தி எரியும்போது மூன்றடிக்குச் சற்று அப்பால் விழும் வெளிச்சத்தை ஒரு லக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டு அறையில் குழல் விளக்கு எரிந்தாலும் முந்நூறு லக்ஸ் தேறுவது அபூர்வம். திறந்த வெளியில், நிழலில் உட்கார்ந்தாலே பத்தாயிரம்!

இங்கேதான் செட்டிநாட்டு வீட்டை நினைத்துப் பார்க்கவேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் பொருள் ஈட்டிவந்து இவ்வீடுகளைக் கட்டியவர்கள், நடுவில் வானம் தெரியும்படி முற்றத்தை விட்டுக் கட்டினார்கள். நெதர்லாந்துக்காரர்கள் விளக்குப் போட்டு உண்டாக்கியதைப்போலப் பல மடங்கு வெளிச்சம், காசில்லாமல் வளவில் வந்து இறங்குகிறது. அந்தக் காலத்து ஆச்சிமார் விடியுமுன் எழுந்தார்கள். வாசலில் கோலம். வளவில் உட்கார்ந்து காய் அரிவது. மாடியில் வற்றல் காயப் போடுவது, காக்கையை விரட்டுவது. ஓய்ந்த நேரத்தில் கொட்டான் முடைவது. வெளிச்சத்தில் இருக்கவேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வேலையே அவர்களை வெளிச்சத்தில் உட்காரவைத்தது.

இன்றோ? காக்கை, குரங்கு, திருடர் பயம். பல வீடுகளில் முற்றத்துக்கு மேலே தகரம் போட்டாயிற்று. ஆச்சியின் கட்டில் உள் அறையில். எதிரே டெலிவிஷன். மகன் அமெரிக்காவில்.

"ஆத்தா, சாப்பிட்டாச்சா?" என்று மகன் அன்போடு போனில் கேட்கும்போது அங்கே காலை பத்து மணி. இங்கே ராத்திரி பத்தரை! அரைத் தூக்கத்தில் இருந்த ஆச்சி, முகத்துக்கு நேரே ஒளி வீசும் போனைப் பார்த்தபடி பேசுகிறார். பிறகு தூக்கம் எங்கிருந்து வரும்? இங்கே காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே முதல் நாள் மாலை ஆறரை. இருவருக்கும் அது நல்ல நேரம்.

வீட்டில் செய்யக்கூடியது

காலையில் ஏழு மணிக்குள் எழுப்பி, முகம் கழுவி, காப்பி கொடுத்து, முற்றத்திலோ திண்ணையிலோ ஒரு மணி நேரம் உட்காரவைக்கலாம். கடும் வெயிலில் அல்ல, நிழலில். கையில் ஒரு வேலை இருந்தால் நல்லது. கீரை ஆய்வது, பூக் கட்டுவது, பயறு பொறுக்குவது. பொறுக்கிய பயறு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டாம். தெருவில் போகிறவர்கள் நின்று "என்ன ஆச்சி, சௌக்கியமா?" என்று கேட்டால் அதுவும் நேரம் சொல்லும் மணிதான்.

பகல் தூக்கம் அரை மணி; மூன்று மணிக்கு மேல் வேண்டாம். மதியத்துக்குப் பிறகு காப்பி வேண்டாம். பொழுது சாயுமுன்பே விளக்குகளைப் போட்டுவிடவேண்டும். நிழல் நீளும் வேளைதான் பயத்தை உண்டாக்குகிறது. ராத்திரி படுக்கும் அறை இருட்டாக இருக்கட்டும். குளியலறைக்குப் போகும் வழியில் மட்டும் தரையோரம் சிறு விளக்கு. வளவின் படியில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது இன்னொரு கதையாகிவிடும்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து "விடிந்துவிட்டது" என்றால் வாதாடுவதில் பலன் இல்லை. "ஆமாம் ஆச்சி, ஆள் வந்துகொண்டிருக்கிறது. அதுவரை இப்படி உட்காருங்கள்" என்று கையைப் பிடித்துக்கொள்வது மேல்.

கண்ணில் புரை இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். புரை விழுந்த கண் வழியே மூளைக் கடிகாரத்துக்கு வெளிச்சம் சரியாகப் போவதில்லை. அமெரிக்காவில் சுமார் 3,000 முதியவர்களைக் கவனித்ததில், புரை நீக்கிக்கொண்டவர்களுக்கு ஞாபக அழிவு நோய் குறைவாகவே வந்தது என்று 2022-ல் தெரிந்தது. 1976-ல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை பக்கத்து மதுரையில் இருக்கும்போது, இதற்குத் தயக்கம் ஏன்?

தூக்க மாத்திரையை மருந்துக் கடையில் தானாக வாங்கிக் கொடுப்பது ஆபத்து. சளிக்கும் அரிப்புக்கும் விற்கும் சில மாத்திரைகளே முதியவரின் குழப்பத்தைக் கூட்டிவிடும். நேற்று வரை நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் தலைகீழாக மாறினால் அது அல்சைமர் அல்ல. சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், வலி, உடம்பில் உப்புக் குறைவு என்று ஏதாவது இருக்கும். உடனே டாக்டரிடம் காட்டவேண்டும். தைராய்டு கோளாறும் வைட்டமின் பி-12 குறைவும்கூட மறதியை உண்டாக்கும். அவற்றுக்கு மருந்து உண்டு.

இவ்வளவும் செய்தால் ஆச்சி பழையபடி ஆகிவிடுவாரா? ஆகமாட்டார். அல்சைமர் வியாதியைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் ராத்திரி நாலு தடவை எழுந்தவர் இரண்டு தடவை எழுந்தால், வீட்டில் இருப்பவர்களுக்கு அதுவே பெரிய மாறுதல். முதியவரை விடுதியில் சேர்க்கும் முடிவுக்குக் குடும்பங்கள் வருவதற்கு, மறதியை விட இந்த ராத்திரி விழிப்பே பல சமயம் காரணமாகிறது.

துணைக்கு இருக்கும் அந்தப் பெண்ணை மறந்துவிடக்கூடாது. ஆச்சி பகலில் தூங்கிவிடுவார். அவளுக்கோ பகலில் சமையல், துணி, பாத்திரம். பல வீடுகளில் அந்த இடத்தில் மருமகள் இருப்பாள், அல்லது எழுபது வயதுக் கணவர் இருப்பார். யாராக இருந்தாலும் வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வேறொருவர் முறை எடுத்துக்கொள்ளவேண்டும். அவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை தூங்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகள் இந்த இரண்டு ராத்திரிக்கு ஓர் ஆளுக்கும் சேர்த்து அனுப்பலாம்.

வழி தெரியாமல் தவிக்கும் குடும்பங்கள் முதியோர் உதவி எண் 14567-க்குப் போன் செய்து கேட்கலாம். கட்டணம் இல்லை.